குப்பை கேட்டவள்

என் மகள் சென்னையின் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசத் தொடங்கினால், நான் காரைக்குடி வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு வந்துவிட வேண்டும் என்ற இடத்தில்தான் அது போய் முடியும். அவளுடைய அப்பா போன பிறகு செக்காலைப் பகுதியில் உள்ள அந்த வீட்டில் நான் ஒருத்திதான். கல்லூரி நூலகத்திலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது. முழங்கால்கள் மாடிப்படியை மறுக்கத் தொடங்கிவிட்டன. வயதையும் முழங்காலையும் காட்டி அழைத்தால் நான் அசைய மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே தொலைபேசியில் காரணங்களோடு வந்தாள். அப்படித்தான் நானும் அவளை வளர்த்திருந்தேன்.

“ஆறு ரூம் வீட்டுல நீ ஒருத்தி. உனக்குன்னு ஒரு போர், ஒரு மோட்டார், ஒரு ஃபிரிட்ஜ். இங்க ஒரே கட்டடத்துல நாப்பது வீடு. எல்லாருக்கும் சேர்த்து ஒரு மோட்டார். நான் ஆபீசுக்கு மெட்ரோவுல போறேன். நீ பல்லு பிடுங்கணும்னாகூட மதுரைக்குக் கார் வைக்கிறே. யாரும்மா பூமிக்குப் பாரம்?”

“நான்தான்” என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. நெருக்கமாக வாழ்பவர்கள் தலைக்குக் குறைவாகத்தான் செலவழிக்கிறார்கள் என்பதை நானும் படித்திருக்கிறேன். படித்தது வேறு, அந்த நெருக்கத்துக்குள் போய்ப் படுத்துறங்குவது வேறு. மூன்று வாரம் வந்து இருக்கிறேன், பிறகு முடிவைச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆவணியில் காலை ரயிலேறிப் போனேன்.

வீடு நான்காவது மாடியில். பால்கனியில் நின்றால் எதிர்க் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள் எல்லாம் நம் முகத்தைப் பார்த்துத்தான் மூச்சுவிடும். அவள் வீட்டில் பகலில் ஏசி கிடையாது. பால் பாக்கெட்டைக் கழுவி, துணிக் கிளிப்பில் மாட்டிக் காயவைத்த பிறகுதான் நீலத் தொட்டியில் போடுவாள். காய்கறித் தோல் பச்சைத் தொட்டிக்கு. அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் ஒரு கையில் செருப்பும் மறு கையில் பால் பாக்கெட்டுமாக அவள் சிங்க்கின் முன் நிற்பதைப் பார்த்தால், பூசை முடிக்காமல் வெளியே போகத் தயங்குகிறவர்களின் முகம் நினைவுக்கு வரும்.

தண்ணீர் லாரியில் வந்தது. எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று ஒருநாள் கேட்டேன். “எந்தக் கிணறுன்னெல்லாம் கேக்காதீங்கம்மா, நாளுக்கு ஒரு கிணறு” என்றார் ஓட்டுநர். எந்த ஊரில் யாருடைய வயலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீரோ என்ற எண்ணம் அன்று முழுவதும் என்னோடு இருந்தது. மறுநாள் வழக்கம்போல் குளித்தேன்.

இரண்டாவது வாரத்தில் அந்தத் தவறைச் செய்தேன். பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடி, தொட்டி மண்ணெல்லாம் சிமெண்டாக இறுகி, நாலு இலையோடு நின்றது. தினமும் காலையில் வீடு வீடாகத் தொட்டிகளை எடுத்துப்போக ஒரு பெண் வருவாள். அவளிடம் வாசலில் வைத்துக் கேட்டேன்:

“ஒரு வாளி குப்பை கிடைக்குமா?”

அவள் காதில் விழாததுபோல் நின்றாள். “இன்னாது?”

“குப்பைதான். நல்லா மக்கினதா இருந்தாத் தேவலை.”

“அய்ய, பெரிம்மா! வாணாம்னு தூக்கிப் போடறவங்களத்தான் இத்தினி வருசமாப் பாத்துக்கினுகீறேன். கேட்டு வாங்கற ஆளு நீதான்!”

மறுநாள் காலை ஏழு மணிக்கு மூன்றாவது மாடியின் பச்சைத் தொட்டியையே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டாள். மீன் செதிலும் முந்தைய நாள் சாம்பாரும் மேலே மிதந்தன. லிஃப்ட்டை விட்டு இறங்கியவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எட்டு மணிக்குள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில், நான்காவது மாடிக்கு வந்திருக்கும் அம்மா பிறர் வீட்டுக் குப்பையைக் கேட்டு வாங்குகிறார், உடம்பு சரிதானா என்று அக்கறையோடு ஒரு கேள்வி வந்திருந்தது.

என் மகள் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் குப்பை என்றால் எரு. நாட்டரசன்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பிறந்த வீட்டு வயலுக்குச் சித்திரையிலும் வைகாசியிலும் வண்டி வண்டியாகக் குப்பை அடிப்பார்கள். அதற்கென்று வீட்டுக்குப் பின்னால் ஒரு கிடங்கு இருக்கும். சாணமும் சாம்பலும் இலைதழையும் அதில் கிடந்து மக்கும். கழித்துக் கட்டுகிற பொருளுக்கும் வயல் காத்திருக்கிற பொருளுக்கும் ஒரே சொல். முப்பது வருடம் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தும் அந்தச் சொல் என் வாயில் பழைய பொருளிலேயே தங்கியிருந்தது.

“மெட்ராசுல வந்து குப்பை கேக்குறியேம்மா! உரம்னு கேக்கக் கூடாதா?”

“அது கடையில பாக்கெட்டுல இருக்குறதுன்னு நெனச்சேன்.”

அதற்குப் பிறகு குப்பை எடுக்கும் அந்தப் பெண் என்னை விடவில்லை. என்னைக் கண்டாலே சிரிப்பாள். ஒரு காலை, “மக்குன குப்பை வேணும்னியே, கீழ வந்து பாரு, நம்ம லாரியில எப்டி மக்குதுன்னு” என்று அழைத்தாள். முழங்காலைத் திட்டிக்கொண்டே இறங்கிப் போனேன். வாயிலுக்கு வெளியே, தெருவோரம், ஒப்பந்த லாரி நின்றது. நாற்பது வீட்டுப் பச்சைத் தொட்டிகளையும் கவிழ்த்தார்கள். அதே குவியலின்மேல் நீலத் தொட்டிகளையும் கவிழ்த்தார்கள். என் மகள் கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டுகள் யாரோ வீட்டு ரசத்தில் விழுந்தன.

“எல்லாம் ஒண்ணாத்தானா?” என்றேன்.

“ஒண்ணாத்தான். ரெண்டு லாரி வரும்னாங்கோ. எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?” அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. கையுறை கிழிந்திருந்தது.

படியேறவில்லை, லிஃப்ட்டுக்காக நின்றேன். எனக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. உன் நகரம் பூமிக்கு இலேசு என்கிறாயே, அதன் தண்ணீர் வேறெவர் கிணற்றிலிருந்தோ வருகிறது, அதன் அழுக்கு வேறெவர் ஊருக்கோ போகிறது, இரண்டுக்கும் நடுவில் நீ கழுவுகிற பால் பாக்கெட் இருக்கிறது என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அந்த வாக்கியத்தை நான்கு நாள் மனத்துக்குள் செப்பனிட்டேன். முடிவு சொல்ல வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லித் தட்டை அவள் என் பக்கம் தள்ளியபோது சொன்னேன். செப்பனிட்டபடி வரவில்லை.

“நீ பிரிச்சுப் போடுறதையெல்லாம் கீழ ஒண்ணாக் கொட்டுறாகடி.”

“தெரியும்.”

“எப்பயிலேருந்து?”

“ரெண்டு வருசமா.” சட்னியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே சொன்னாள். “சங்கத்துல மூணு தடவை பேசிட்டேன். எழுதிக் குடுத்திருக்கேன்.”

“பின்ன எதுக்குக் கழுவிக் காயவைக்கிறே?”

“ஒருநாள் அந்த ரெண்டாவது லாரி வரும்ல. அன்னைக்கு நாப்பது வீட்டுல ஒரு வீட்டுக்காவது பிரிக்கத் தெரிஞ்சிருக்கணும்.” பிறகு தட்டைப் பார்த்தபடி, “நீ இதைக் கண்டுபிடிச்சதும் கெளம்பிருவேன்னும் தெரியும்” என்றாள்.

நாற்பத்தொரு வயதில் அவள் நெற்றியோரம் நரைத்திருப்பதை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். வாதத்தில் நான் ஜெயித்திருந்தேன். ஊருக்குப் போய்ச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் சரியென்று எழுந்து, அன்றைய பால் பாக்கெட்டைக் கழுவப் போனாள்.

காரைக்குடி ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் வரும்போது, எங்கள் தெருமுனை ஊருணிக்கரையில் புகை எழுந்துகொண்டிருந்தது. பாலித்தீன் எரிகிற வாடை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வழக்கம்போல் கடந்துவிட்டேன். வீட்டைத் திறந்து உட்கார்ந்த பிறகுதான், வாரம் இரண்டு பையாக நான் கட்டி வெளியே வைக்கிறேனே, அது எங்கே போகிறதென்று ஒருநாளும் கேட்டதில்லை என்பது உறைத்தது. சென்னையில் மூன்றே வாரத்தில் லாரிவரை இறங்கிப் போய்ப் பார்த்தவள், இங்கே முப்பது வருடமாகத் தெருமுனைவரைகூடப் போனதில்லை.

அடுத்த வாரம், பிறந்த வீட்டில் இருக்கும் தம்பியிடம் போனேன். அந்தக் கறிவேப்பிலைக்கு ஒரு சாக்குக் குப்பை வாங்கிவர வேண்டும் என்று மனத்தில் இருந்தது. தம்பி மனைவிதான் வாசலில் எதிர்ப்பட்டாள்.

“வாங்க மதினி, சொல்லாம கொள்ளாம வந்திருக்கீக. என்னது, குப்பையா? மெட்ராசுக்குக் குப்பை கொண்டுபோற மொத ஆளு நீகதான். அங்குட்டு இல்லாததா?”

“மாடு வித்து நாலு வருசமாச்சுல்லக்கா” என்றான் தம்பி. “இப்ப எல்லாம் மூட்டை உரந்தான். குப்பை வேணும்னா நானே கடையில பாக்கெட்டுத்தான் வாங்கணும்.”

கிடங்கைப் போய்ப் பார்த்தேன். பாட்டில்களும் குழந்தைகளின் டயப்பர்களும், கால் உடைந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கிடந்தன. நான் பெருமையாகப் பேசிய சொல்லுக்கு இங்கும் சென்னைப் பொருள்தான் மிஞ்சியிருந்தது. யார் பாரம், யார் இலேசு என்று எடைபோடும் தெம்பு எனக்கு இல்லாமல் போயிற்று. ஆறு அறைகளுக்கும் ஒருத்தியாக விளக்கேற்றும் தெம்பும்தான்.

அன்று மாலை மகளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“பால்கனியில ஒரு பெரிய தொட்டி வாங்கிவை. செடி வேண்டாம். அடியில ஓட்டை போட்டு வெறுமனே வை.”

“எதுக்கு?”

“பச்சைத் தொட்டியில போடுறதை இனிமே கீழ அனுப்ப வேண்டாம். அதுல போட்டு மக்க வைப்போம். கறிவேப்பிலைக்கு ஆகும்.”

மறுமுனையில் சிங்க்கில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது; அதை நிறுத்தினாள்.

“மக்குறதுக்கு எத்தனை நாளாகும்?”

“மூணு மாசமாவது ஆகும். நடுநடுவுல கிளறிவிடணும்.”

“எனக்குக் கிளறத் தெரியாதும்மா.”

“அது எனக்குத் தெரியும். அதான் நான் வாரேன்.”