விடத் தெரியாத குழாய்

என் தம்பி ஹ்யூ கட்டிக்கொண்டு வந்த கிரிசல், புகைபோக்கியில் காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டாலே கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாள். இரண்டு கஞ்சிக் கிண்ணம் உடைந்ததும் கண்டபடி ஏசினேன். என் வாய் அப்படி. அப்புறம்தான் ஹ்யூ விஷயத்தைச் சொன்னான்.

தாயில்லாத பெண். சின்ன வயதிலேயே கில்மார்னக் ஊர்ப் பக்கத்தில் கேவின் முயர் பண்ணைக்குப் பால் கறக்கப் போனவள். அங்கே எந்தக் கறவைக்காரியும் மாட்டின் விலாவில் நெற்றியை அழுத்தி, பாட்டுப் பாடிவிட்டுத்தான் காம்பைத் தொடுவாள். பாட்டுக் கேட்காமல் மாடு சுரக்காது. கிரிசலின் மாடு க்ரம்மி, ஒரு கொம்பு கோணல். அவள் முதலடியை முடிப்பதற்குள் அதற்குப் பால் இறங்கிவிடுமாம்.

முயர் கறவை இயந்திரம் வாங்கினார். கையால் அடிக்கும் பம்பு, தொழுவம் நெடுக இரும்புக் குழாய், மாட்டுக்கு மாடு திறந்து மூட ஒரு திருகு, காம்பில் மாட்ட ரப்பர் கிண்ணங்கள். புதுசாக வந்த அந்த இயந்திரத்துக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், கன்றைப் போல விட்டு விட்டு இழுக்கத் தெரியாது. பால் திருடும் சூனியக்காரிகள் வராமலிருக்க வாசலுக்கு மேல் சிவப்பு நூல் சுற்றிச் செருகியிருந்த ரோவன் மரக்குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த ஓட்டை வழியாகவே குழாயை உள்ளே விட்டார்கள். புத்தி போன போக்கைப் பாருங்கள்!

வேடிக்கை பார்க்கப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். முதல் மாடு க்ரம்மி. திருகைத் திறந்து மூடுவது கிரிசலின் வேலை. வழக்கம்போல அவள் பாட வாயெடுத்தாள்.

"ஏய், பெரிய மனுஷங்க முன்னாடி என்ன பாட்டு? மிஷினுக்குத் தாலாட்டா பாடப்போறே?" என்றார் முயர். எல்லோரும் சிரித்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

க்ரம்மி சுரக்கவில்லை. குழாய் வறட்டுச் சத்தத்தோடு இழுத்துக்கொண்டே இருந்தது.

"அடைச்சிடட்டுமா ஐயா? வெறுமனே இழுக்குது."

"பால் வந்தாத்தானே அடைக்கணும்? கையை எடு! டேய், பம்பை வேகமா அடிங்கடா!"

அவள் கையை எடுத்தாள். கடைசியில் வாளியில் விழுந்தது ரத்தம். க்ரம்மி உதைக்கக்கூட இல்லையாம். தலையைத் திருப்பி, பாட்டு எப்போது வரும் என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்ததாம். மடி வீங்கிக் கல்லாகிப்போய், கசாப்புக்குப் போயிற்று. அன்றோடு கிரிசல் பாட்டை விட்டாள்.

பனி உருகும் சமயத்தில் எங்கள் வீட்டில் அவளுக்குப் பெண் பிறந்தது. பிள்ளை ஒரு வாய் இழுத்ததுமே பிடுங்கி என் மடியில் போட்டாள்.

"அந்தச் சத்தம் மதினி! ரத்தம்தான் வரும்."

"ரத்தமாவது மண்ணாவது! பாலுடி அது!"

"வாசல்ல க்ரம்மி நிக்குது. என்னையே பாக்குது."

திரும்பிப் பார்த்தேன். ஈர முற்றம்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

துணியை நனைத்து ஊட்டிய மாட்டுப்பாலைப் பிள்ளை கக்கிவிட்டது. அவளுக்கோ மாரில் பால் கட்டிக்கொண்டு, காய்ச்சல் வேறு. க்ரம்மி உள்ளே வராமலிருக்க ரோவன் குச்சியில் சிவப்பு நூல் சுற்றிக் கதவுக்கு மேல் செருகினேன். அப்போதும் அவள் வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிள்ளையின் அழுகை பூனைக்குட்டி முனகலாகச் சுருங்கிவிட்டது. ஹ்யூ வெளியே போய் நின்று அழுதான். எனக்குப் பயம் தலைக்கேறிக் கோபமாக வெடித்தது.

"அது எதுக்குடி வந்து நிக்குது? பாட்டுக் கேக்கத்தானே? பாடித் தொலையேன்!"

கிரிசல் என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு பிள்ளையை வாங்கிக் குனிந்து, அதன் விலாவில் நெற்றியை வைத்துப் பாடினாள். குரல் கரகரத்தது. முதலடி முடிவதற்குள் சட்டை பாலில் நனைந்துவிட்டது.

பிள்ளை வாய் வைத்தது. எந்த நொடியும் பிரித்தெடுக்க அதன் வாயோரத்தில் ஒரு விரலை வைத்தபடியே பாடினாள். விரலுக்கு வேலை வரவில்லை. குடித்து முடித்ததும் பிள்ளை வாயை எடுத்துவிட்டுத் தூங்கிப்போனது.

"தானாவே விட்டுடுச்சு மதினி."

"வயிறு ரொம்பினா விடாம என்னடி செய்யும்?"

அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் வாசல் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தாள். நான் எழுந்துபோய்க் கதவுக்கு மேல் செருகிய குச்சியை எடுத்துவிட்டேன். க்ரம்மி உள்ளே வந்தே கேட்கட்டும்.