டாக்டரிடம் அண்ணன் மறைத்தது

அண்ணன் வீட்டை விட்டு, கூனிமேட்டிலிருந்து மரக்காணத்துக்கு நடந்துகொண்டிருந்தேன்.

போன வருடம் என் காதில் யாரோ திட்டும் குரல்கள் கேட்டபோது, "குடும்பத்துல யாருக்காவது மனநோய் இருந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"யாருக்கும் இல்லீங்க" என்றார் அண்ணன்.

அவர் கொடுத்த வெறும் தூக்க மாத்திரையோடு ஒரு வருடம் அலைந்தேன். அப்பாவுக்கும் இதே நோய் இருந்ததை அத்தை இப்போதுதான் சொன்னாள். டாக்டரிடம் ஓடினேன்.

"அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வந்தே தீரும்னு இல்லப்பா. தெரிஞ்சிருந்தா அப்பவே சரியான மருந்து கொடுத்திருப்பேன்" என்றார்.

அண்ணனைக் கேட்டேன். "வெளிய தெரிஞ்சா எம்பொண்ண எவன்டா கட்டுவான்?" என்றார்.

இனி நான் எதையும் மறைப்பதில்லை. மறுநாள் காலை மரக்காணம் உப்பளத்தில் வேலை கேட்டுப் போனபோது, மேஸ்திரியிடம் முதலில் அதைத்தான் சொன்னேன். "எங்கப்பாவுக்கு இருந்த மனநோய் எனக்கும் இருக்குதுங்க. தனியாப் பேசினா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க."

"பேசிக்கிட்டே உப்பு வாருவியாப்பா?" என்று கேட்டு, வாரும் பலகையை நீட்டினார்.