கேட்டில் நின்ற சம்பந்தி

சிதம்பரத்தில் எங்கள் தெருவில் திருட்டு அதிகமானபோது, போலீஸார் எங்களைக் கூட்டிவைத்துப் பேசினார்கள். தெரியாத ஆள் வந்தால் விசாரியுங்கள், ஸ்டேஷனுக்குப் போன் செய்யுங்கள் என்றார்கள். அன்று முதல் தெருவையே அதட்டி உஷார்ப்படுத்தியவள் நான்தான்.

மூத்த மகனுக்குக் கல்யாணமாகி வந்த முதல் பொங்கல். நானும் மருமகளும் துணி எடுக்கக் கடலூர் போயிருந்தோம். எதிர்வீட்டுச் செல்வி செல்போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க கேட்டை ஒருத்தர் தொறக்குறாரு. மூட்டையெல்லாம் வச்சிருக்காரு. சொந்தம்னு சொல்றாரு, எங்க யாருக்கும் அவரத் தெரியல."

"எல்லாத் திருடனும் அப்படித்தான் சொல்லுவான். வுடாதீங்க, ஸ்டேஷனுக்குப் போன் பண்ணுங்க" என்று கத்தினேன். பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

நாங்கள் திரும்பியபோது தெருவே கூடியிருந்தது. நடுவில் மருமகளின் அப்பா. காலடியில் அவர் கொண்டுவந்த பொங்கல் வரிசை: அரிசி, வெல்லம், பித்தளைப் பானை. மருமகள் "அப்பா" என்று ஓடினாள்.

ஸ்டேஷனிலிருந்து வந்திருந்த ஏட்டு, செல்வியைக் கேட்டார்: "கல்யாணத்துக்கு நீங்கள்லாம் போவலியா?"

"போனோமே சார், சாப்டோமே."

என்னால் தலை நிமிர முடியவில்லை. கல்யாணத்தன்று, "பந்தியப் பாருங்க, சாம்பார் வரல பாருங்க" என்று அந்த மனிதரைச் சமையல்கட்டுக்கு விரட்டிக்கொண்டே இருந்தவள் நான். இவர்தான் பெண்ணின் அப்பா என்று தெருக்காரர் ஒருவருக்குக்கூடக் காட்டவில்லை.

இளைய மகன் கல்யாணத்தில் புதுச் சம்பந்தியை முன்வரிசையில் உட்காரவைத்து, தெருக்காரர்களை நானே அழைத்துப்போய் அறிமுகம் செய்தேன். மூத்த சம்பந்தி மட்டும் இன்றும் கிளம்புமுன் போன் செய்கிறார்.

"நான் வரேங்க. தெருவுல சொல்லி வச்சிடுங்க."