நீல அறையும் சப்பாத்துக் குவியலும்

மாமா மன்னாரில் இறந்தபோது இந்த வெளிநாட்டில் தங்குவதற்கான அம்மாவின் பெர்மெஸோ, புதுப்பிக்கக் கொடுத்த இடத்திலேயே கிடந்தது. அந்த அனுமதி இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்பி வரமுடியாது. ஒரே தம்பியின் முகத்தை அம்மா கைபேசியில்தான் பார்த்தார். அழவில்லை. மறுநாள் வழக்கம்போலத் தான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மாவான சிஞ்ஞோராவிடம் போய்விட்டார். பிறகு இரண்டு மாதம் வீட்டில் கதைபேச்சே இல்லை. நான் ஏதோ பெரிய பிழை செய்துவிட்டேன் என்றும், அது என்னவென்று அம்மா சொல்லமாட்டேன் என்கிறார் என்றும் நினைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்கு ஒன்பது வயது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும், சிஞ்ஞோரா கொடுத்த இரண்டு டிக்கெட்டுடன் துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள பழைய மாளிகை ஒன்றுக்குப் போனோம். அங்கே ஒரு கலைஞர் அறையொன்றை வெளிச்சத்தால் நிரப்பியிருக்கிறாராம். உள்ளே கொஞ்ச நேரம் இருந்தால் மனசுக்கு நல்லதாம். அறை வாசலில் அம்மா நின்றார். உள்ளிருந்த மங்கல் வெளிச்சத்தையும் அமைதியையும் பார்த்து என்ன நினைத்தாரோ, மன்னாரில் மாதா கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பைக் கழற்றி வைத்து, சால்வையைத் தலைக்கு இழுத்துவிட்டார். எனக்கு மானமே போய்விட்டது.

"அம்மா, இது கோயில் இல்லை."

"ஓம், தெரியும். சப்பாத்தைக் கழட்டு."

பின்னால் வந்தவர்கள் இதுதான் இங்கே சட்டமாக்கும் என்று ஒவ்வொருவராகக் கழற்றத் தொடங்கினார்கள். காவலுக்கு நின்ற பெண்கூடச் சற்று யோசித்துவிட்டுத் தன்னுடையதையும் கழற்றினாள்.

உள்ளே படமும் இல்லை, சிலையும் இல்லை. நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு சுவர்கள் காணாமல் போயின. மூலை இல்லை, கூரை இல்லை, நீலம் மட்டும். அது மெல்ல ஊதாவாகி, மறுபடி நீலமானது. கோடையில் குளிக்கப்போகும் மொண்டெல்லோ கடலில் மூழ்கிக் கண்ணைத் திறந்தால் தெரியும் அதே நீலம், ஆனால் மூச்சு முட்டவில்லை. என் கை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. பயமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன. அவ்வளவு பெரிய ஒன்றுக்குள் அதற்கு முன் நான் நின்றதில்லை.

பக்கத்தில் அம்மா வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்காமலே "தம்பி" என்று ஒரு தரம் சொன்னார். பிறகு தோள் குலுங்கியது. நெடுநேரம் குலுங்கியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்தால் வாசலில் சப்பாத்துக் குவியல். அம்மாவின் செருப்பில் ஒன்று அடியில் போய்விட்டது. முன்பின் தெரியாத நாலைந்து பெண்கள் அவருக்காகக் குனிந்து தேட, அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. என் பிழை மன்னிக்கப்பட்டுவிட்டது என்று நான் முடிவு செய்தேன். கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டேன்.

"வெளிச்சம் கூடிப்போச்சு, பிள்ளை. கண்ணுக்கு ஒத்துவரேல்லை."

நம்பினேன். ஆனால் பஸ்ஸுக்கு நடக்கும்போது, வருகிற ஞாயிறும் போவோமா என்று அவரே கேட்டார். கண்ணுக்கு ஒத்துவராத வெளிச்சத்தை மறுபடி எதற்குப் பார்க்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. கறுப்புக் கண்ணாடி ஒன்று கொண்டுபோகலாம் என்று சொன்னேன்.