இறங்குகிறவர்களுக்கான கோடுகள்

இது நடந்தது. கதை கட்டவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை, மொன்செனி மலையில். பிற்பகல் மூன்று ஐந்திலிருந்து நாலு நாற்பது வரைக்கும். நீங்கள் பயப்படத்தான் இதைப் படிக்க வந்திருக்கிறீர்கள். பயம் வரும். எனக்கு அதைவிட வெட்கம்தான் அதிகம். அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

என் பெயர் ஃபெர்மி. அப்போது ஐம்பத்தெட்டு வயது. வால்செகா ஊர் மலையேற்றச் சங்கத்தில் பாதைக்குக் கோடு போடுகிற ஆள். நடக்கிறவர்களுக்கு வழி தெரிய மரத்திலும் பாறையிலும் ஒரு வெள்ளைக் கோடு, அதன் கீழே ஒரு மஞ்சள் கோடு. போகக்கூடாத பாதையின் முகப்பில் அதே இரண்டு நிறத்தில் பெருக்கல் குறி. சம்பளம் கிடையாது. ஆனால் ஊரில் ஒரு மரியாதை உண்டு.

எங்கள் வேலையில் ஒரு விதி. ஏறிக்கொண்டே போடுகிற கோடு ஏறுகிறவர்களுக்கு. இறங்குகிறவர்களுக்கான கோட்டை இறங்கிக்கொண்டேதான் போட வேண்டும். எந்த மரம் அவர்கள் கண்ணில் படும் என்பது அந்தத் திசையில் நடந்தால்தான் தெரியும். ஆக, ஒரே பாதைக்கு இரண்டு நாள் வேலை.

பிப்ரவரியில் நானும் என் கூட்டாளி நார்சிஸும் ஊரிலிருந்து உச்சியில் இருக்கும் மாதா கோயில் வரை கோடு போட்டுக்கொண்டே ஏறினோம். அன்று மேலே சங்கத்து விருந்து. வெங்காயத்தாளைக் கட்டுக்கட்டாக நெருப்பில் சுட்டு, பாதாம் துவையலில் தோய்த்து, அண்ணாந்து வாயில் இறக்கினோம். மேலே ஒயின் வேறு. இறங்கும்போது யாரோ ஜீப்பில் இடம் கொடுத்தார்கள்.

"டேய், இறங்குற கோடு?" என்றான் நார்சிஸ்.

"வியாழக்கிழமை நான் ஒருத்தனே வந்து போட்டுடறேன்."

"நீயா? நாற்காலிய விட்டு எந்திரிப்பியா?"

"பாரு."

போகவில்லை. அந்த வியாழன் டிவியில் கால்பந்து. அடுத்த வியாழன் மழை. மூன்றாவது வாரம் சங்கத்துச் செயலாளர் அசும்ப்தா போன் செய்தாள். "உங்க பேப்பர் மட்டும்தான் பாக்கி, ஃபெர்மி. மலைக்கே கோடு போடுற மகராசனுக்கு ஒரு கையெழுத்துப் போட வலிக்குதா?"

எழுதிக் கொடுத்தேன். ஏறும் வழி, முடிந்தது. இறங்கும் வழி, முடிந்தது. மூன்று ஓக் மரத்தடியில் பெருக்கல் குறி, போட்டாயிற்று. ஒரு நிமிஷ வேலை.

மார்ச் இரண்டாவது வாரம், புதன்கிழமை. கடலோர ஊரிலிருந்து பால்டிரி என்று ஒருவர் தனியாக வந்தார். பேக்கரி வைத்திருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தேழு. மலையின் மறுபக்கம் ஏறி, எங்கள் பாதையில் இறங்குவதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். இருட்டிய பிறகும் வரவில்லை.

மறுநாள் காலை ஊர் முழுக்க மூடுபனி. ஹெலிகாப்டர் கிளம்ப முடியவில்லை. தீயணைப்புப் படை அதிகாரி எங்கள் ஊர் மதுக்கடை மேஜையில் வரைபடத்தை விரித்தார். அசும்ப்தா பக்கத்தில் என் பேப்பரை வைத்தாள்.

"மூணு ஓக் மரத்துகிட்ட இடது பக்கம் ஒரு பழைய பாதை பிரியும். கரி சுடுறவங்க போன பாதை. பள்ளத்துல போய் முடியும். ஆனா அங்க பெருக்கல் குறி இருக்கு, ஃபெர்மி போட்டிருக்கார். யாரும் உள்ள போக மாட்டாங்க," என்றாள்.

அதிகாரி பென்சிலால் அந்தப் பாதையை அடித்துவிட்டார். ஆள் குறைவு, பனி வேறு. மற்ற இடங்களைத்தான் முதலில் பார்க்க முடியும் என்றார்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். 'குறி போடவில்லை' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். எல்லோர் முன்னாலும், அதுவும் அந்த மனுஷனின் மனைவி மூலையில் உட்கார்ந்திருக்கும்போது, என்னால் முடியவில்லை.

தேடக் கிளம்பச் சொன்னபோது முழங்கால் வலி என்றேன். சரி, மாதா கோயிலில் மணி அடி என்றார்கள். பனியில் வழி தவறியவர்கள் சத்தத்தைப் பிடித்து வரட்டும் என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அடிப்பது இங்கே வழக்கம். ஜீப்பில் கொண்டுபோய் விட்டார்கள். என் பையில் வெள்ளை டப்பா ஒன்றும் மஞ்சள் டப்பா ஒன்றும் இருந்தன. யாருக்கும் தெரியாது.

2.50க்கு ஒருமுறை மணி அடித்தேன். 3.00க்கு இன்னொருமுறை. பிறகு கயிற்றை விட்டுவிட்டு இறங்கினேன்.

3.05. மூன்று ஓக் மரம். இடதுபக்கப் பாதையைப் பார்த்து இரண்டு தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. உள்ளே பத்து அடிகூடப் போகவில்லை. டப்பாவைத் திறந்தேன். அன்றைக்கு எனக்கு ஆளைவிட என் குறிதான் அவசரமாக இருந்தது. இதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

3.10. மேலே மணி அடித்தது.

கை நின்றுவிட்டது. கோயிலில் யாரும் இல்லை. ஜீப் அப்போதே திரும்பிவிட்டது. சரி, வேறு யாரோ வந்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வெள்ளைக் கோட்டை முடித்து, அதன் குறுக்கே மஞ்சளையும் இழுத்தேன்.

3.20. மறுபடியும் மணி. சரியாகப் பத்து நிமிஷம்.

அப்போதுதான் காலடிச் சத்தம் கேட்டது. மேலேயிருந்து ஒருவர் இறங்கி வந்தார். பச்சை ஜாக்கெட், நரைத்த தாடி. காலையில் போட்டோவில் பார்த்த அதே முகம். பால்டிரி!

உயிர் வந்தது எனக்கு. அவருக்காகவா, எனக்காகவா என்று கேட்காதீர்கள். சத்தமாக வணக்கம் சொன்னேன். எங்கள் மலையில் எதிர்ப்படுகிற யாரும் வணக்கம் சொல்லாமல் கடப்பதில்லை. பரம விரோதியாக இருந்தாலும் சொல்வான். அவர் சொல்லவில்லை. ஈரம் காயாத பெருக்கல் குறியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வலது பக்கம் திரும்பி நடந்தார்.

"ஐயா, நில்லுங்க. உங்களத்தான் ஊரே தேடுது."

நிற்கவில்லை. நானும் பின்னால் ஓடினேன். முழங்கால் வலி பொய்தானே.

ஒரு வளைவில் நின்றார். முன்னால் ஒரு வெறும் மரம். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இறங்குகிறவர்களுக்கான முதல் கோடு வர வேண்டிய மரம் அது. கோடு போடுகிறவனைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

அவர் நகரவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

டப்பாவைத் திறந்தேன். போட்டேன். வெள்ளை. மஞ்சள்.

நடந்தார்.

3.40. இரண்டாவது இடம். ஒரு பாறை. நின்றார். காத்திருந்தார். போட்டேன். நடந்தார்.

மேலே மணி.

மூன்றாவது. நாலாவது. புதன் ராத்திரி முழுக்க மழை. என் கால் முழங்கால் வரை சேறு. அவர் பூட்ஸில்... சேறே இல்லை.

4.10. மணி.

ஐந்தாவது.

அவர் வேகமாக நடக்கவில்லை. ஆனால் நான் எத்தனை வேகமாக நடந்தாலும் பக்கத்தில் போக முடியவில்லை. அதெப்படி...

ஆறாவது. கோடு வழிந்தது.

அவர் பார்த்தார்.

துடைத்தேன். மறுபடி போட்டேன்.

ஏழாவது. கடைசி. கீழே நாய் குரைப்பது கேட்டது. ஊர்.

போட்டு முடித்து நிமிர்ந்தேன்.

என் முகத்துக்கு நேரே நின்றார்.

"மணி என்ன?"

"நாலு... நாற்பது."

"இன்னும் நேரம் இருக்கு."

மேலே மணி அடித்தது. திரும்பி மேலே பார்த்தேன். மறுபடி திரும்பினால்...

யாரும் இல்லை.

பனிக்குள் முன்னால் போய்விட்டார், இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர நேரம் இருக்கிறது என்றுதான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. மதுக்கடைக்கு ஓடினேன். அவர் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். அவரைப் பார்த்தேன், சரியான பாதையில்தான் இறங்கினார், ஊருக்குப் பக்கத்திலேயே எங்கோ இருக்கிறார்.

"குறிய பாத்தாரா?" என்று கேட்டாள் அசும்ப்தா.

"பாத்தார்." அது பொய்கூட இல்லை.

அதிகாரி எல்லா ஆட்களையும் மேலிருந்து இறக்கி, ஓடைக்கரைக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் அனுப்பினார். மூலையில் இருந்த அவர் மனைவி ரெமெய் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா நடந்தாராங்க?"

"நல்லாவே நடந்தார்."

"தொப்பி போட்டிருந்தாரா?"

"இல்ல."

"தொப்பி இல்லாம வாசலக்கூட தாண்டமாட்டாரே," என்றாள். பிறகு தானே சிரித்து, "எங்கயாவது விட்டிருப்பார். புண்ணியவான் நீங்க. நேத்துலருந்து ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. இன்னிக்குத் தூங்குவேன்," என்றாள்.

நார்சிஸ் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மணி சத்தம் நல்லாக் கேட்டுச்சுடா. நாலு நாப்பது வரைக்கும் ஒண்ணுகூட விடாம அடிச்ச," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நகத்துல என்ன மஞ்சள்?"

நான் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கீழே தேடினார்கள். சனிக்கிழமை பனி விலகியது. ஹெலிகாப்டர் பத்தே நிமிஷத்தில் பார்த்துவிட்டது. மூன்று ஓக் மரத்திலிருந்து இடது பக்கம், கரிக்காரர்கள் பாதையின் முடிவில், பள்ளத்துக்குள். தொடையெலும்பு உடைந்திருந்தது. விழுந்தது புதன்கிழமை சாயங்காலம். விழுந்த இடத்தை விட்டு ஒரு அடிகூட நகர்ந்திருக்க முடியாது என்றார்கள். தொப்பி தலையிலேயே இருந்தது.

அப்படியானால் நான் பார்த்தது மனுஷன் இல்லை. அன்றைக்கு ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து நடுங்கினேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நடுக்கத்துக்குள்ளேயே ஒரு நிம்மதியும் இருந்தது. ஆவியாக வந்தார் என்றால் அதற்கு முன்னாலேயே செத்துவிட்டார். நான் வாயைத் திறந்திருந்தாலும் பிணத்தைத்தான் தூக்கியிருப்பார்கள். இதைச் சொல்லிச் சொல்லியே பதினைந்து நாள் தூங்கினேன்.

பதினாறாவது நாள் அசும்ப்தா போன் செய்தாள். ரெமெய் சங்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தாளாம். கடைசியாகத் தன் புருஷனைப் பார்த்த ஃபெர்மிக்கு நன்றி என்று ஒரு வரி. அதற்குக் கீழே டாக்டர் சொன்ன விஷயம். அசும்ப்தா அதைப் படித்துக் காட்டினாள். பால்டிரி உயிர் விட்டது வெள்ளிக்கிழமை விடியக்காலை, சுமார் ஐந்து மணிக்கு.

நான் போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வியாழக்கிழமை மாலை நான் கோடு போட்டபோது பள்ளத்தில் அவர் உயிரோடு இருந்தார். ஆட்களைக் கீழே இறக்கியபோது இருந்தார். அவர் மனைவி என் கையைப் பிடித்துப் புண்ணியவான் என்றபோதும் இருந்தார். அதற்குப் பிறகும் பன்னிரண்டு மணி நேரம் இருந்தார்.