நாங்குநேரியில் பிரபஞ்சத்துக்குச் சொன்ன தீர்ப்பு

பேட்டை தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் இசக்கிமுருகன் பத்தொன்பது வருடத்தில் நூற்று நாற்பத்து மூன்று பட்டிமன்றங்களில் பேசியிருக்கிறார். நூற்று நாற்பத்து மூன்றிலும் தோற்றிருக்கிறார். அவர் பேச்சில் குறை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தோற்க வேண்டிய அணியில்தான் அவரைப் போடுவார்கள்.

போடுகிறவர் நடுவர் மணிராஜ். கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் தீர்ப்பு வேனிலேயே முடிவாகிவிடும். யார் கூப்பிட்டார்கள், என்ன விசேஷம், முன்வரிசையில் யார் உட்காருவார்கள் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்து, வேன் பாதி வழி போவதற்குள் அவர் சொல்லிவிடுவார். தோற்கிற பக்கத்துக்கு, சிரிக்க வைக்கிறவனும் தோற்ற பிறகு முகம் சுளிக்காதவனுமாக ஒரு ஆள் வேண்டும். இசக்கிமுருகன் இரண்டுக்கும் பொருத்தமானவர்.

சிரிக்க வைக்க அவரிடம் இருந்தது ஒரே சரக்கு, அவருடைய மனைவி நித்யா. "எங்க வீட்ல உப்பே வாங்குறதில்லங்க. சாப்பிடும்போது நான் விடுத கண்ணீரே போதும்" என்பார். கூட்டம் அடங்க ஒரு நிமிடம் ஆகும். யாரோ அதைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றிவிட, நித்யா கடையில் உப்பு கேட்டால் "ஒங்க வீட்டுக்கு எதுக்குக்கா உப்பு?" என்று கேட்கிற நிலைமை வந்தது. நித்யாவின் சாம்பாரில் உப்பு கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. அந்த உண்மையை எடுத்துச் சொல்ல அவளிடம் மைக் இல்லை. கணவர் பேசும் எந்தக் கூட்டத்துக்கும் அவள் போவதில்லை.

"இத நிறுத்தவே மாட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நடுவர் நாற்காலி வரட்டும், நிறுத்திருதேன்" என்றார். நடுவருக்குச் சொந்த மனைவியைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் இல்லை, பேச்சாளர்களின் மனைவியரே போதும் என்பது அவர் கணக்கு. அன்றிலிருந்து அந்த நாற்காலிக்கு இந்த வீட்டில் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

இந்த வருடம் ஜனவரியில் நாற்காலி நெருங்கி வந்தது. மணிராஜ் முழங்கால் அறுவை சிகிச்சைக்காகப் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போகிறார், திரும்பி வரப்போவதில்லை. கடைசி மேடை நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு தனியார் பள்ளி. பிப்ரவரி இருபத்தெட்டு, அறிவியல் தினம். அவர்களுக்குக் கணவனா மனைவியா என்ற தலைப்பு வேண்டாம், அறிவியல்தான் வேண்டும். மணிராஜ் யோசித்து ஒரு தலைப்புக் கொடுத்தார்: 'பிரபஞ்சம் ஒரு நாளில் வெடித்துப் பிறந்ததா, என்றென்றும் இப்படியே இருப்பதா?'

"நீரு என்றும் இருக்கும் அணி" என்று இசக்கிமுருகனிடம் போனில் சொன்னார். "இந்தத் தடவ தீர்ப்பு ஒம்ம பக்கம்வே. ஒரு தடவகூட செயிக்காதவன நாற்காலியில உக்கார வச்சா ஊரு சிரிக்கும். செயிச்ச கையோட மேடையிலயே ஒம்ம பேரச் சொல்லிருதேன்."

இசக்கிமுருகன் போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் நித்யாவிடம் சொன்னார். அவள் அன்று மாலையே டவுனுக்குப் போய் அவருக்கு ஒரு வெள்ளை ஜிப்பா வாங்கி வந்தாள்.

எந்தத் தலைப்பானாலும் படிக்காமல் மேடை ஏறுவது அவர் வழக்கமில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை நூலகத்தில் போய் உட்கார்ந்தார். முதல் ஞாயிறு பிரமாதமாகப் போனது. பிரபஞ்சம் விரிகிறது என்பதை இரண்டு கட்சியும் ஒப்புக்கொள்கின்றன. விரிய விரிய இடைவெளியில் புதிதாகக் கொஞ்சம் கொஞ்சம் பொருள் உண்டாகிக்கொண்டே இருக்கும், அதனால் எப்போது பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும், ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை என்பது அவருடைய கட்சி. பெரிய பெரிய ஆட்கள் அந்தக் கட்சியில் இருந்திருக்கிறார்கள். இரண்டாவது ஞாயிறு அதே புத்தகத்தின் பின்பாதியைப் படித்தவர், நேராக வெளியே வந்து மணிராஜுக்குப் போன் போட்டார்.

"ஐயா, நம்ம கட்சி செத்து அறுபது வருசம் ஆச்சாம்."

"பேச்சாளன் எதுக்குவே இருக்கான்? உயிர் குடும்" என்றார் மணிராஜ்.

அறிவியல் தினத்தன்று நாங்குநேரிக்குப் போகிற வழியில் வேனில் சங்கிலிபூதத்தானும் இருந்தார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், எதிரணியான வெடித்த கட்சி. அவரும் ஏதோ படித்திருந்தார். "ஐயா, மூணாவதா ஒரு கட்சி இருக்கு. வெடிக்கும், விரியும், பொறவு சுருங்கும், திரும்பவும் வெடிக்கும். முடிவே கெடையாதாம்." மணிராஜுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. 'இரண்டு பக்கமும் சரி' என்று தீர்ப்புச் சொல்ல இவ்வளவு தோதான கொள்கையை அவர் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை. இன்று அது தேவைப்படாது, இருந்தாலும் கையில் இருக்கட்டும் என்று துண்டுச்சீட்டில் குறித்து வைத்துக்கொண்டார்.

பத்து மணிக்குப் பந்தலில் அறுநூறு பிள்ளைகள். எல்லார் மடியிலும் குறிப்பேடு. பேசுவதைக் குறிப்பெடுக்க வேண்டும், திங்கள்கிழமை பார்ப்போம் என்று உத்தரவு. முதலில் பள்ளியின் தமிழாசிரியர், என்றும் இருக்கும் அணிக்காகப் பேசினார். அவர் பேசியது தாய்மொழிக் கல்வி பற்றி. சங்கிலிபூதத்தான் சிவகாசி வெடிகளைப் பற்றிப் பேசி, பாலிசியின் அவசியத்தில் கொண்டுபோய் முடித்தார். மூன்றாவதாக, வெடித்த கட்சிக்காக அதே பள்ளியின் இயற்பியல் ஆசிரியை ஜெமிமா எழுந்தாள். முதல் மேடை. கையில் ஒரு தாள் வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் சொன்னாள். விண்மீன் கூட்டங்கள் விலகிப் போவதைச் சொன்னாள். திருப்பிக் கணக்குப் போட்டால் ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருடத்துக்கு முன்னால் எல்லாம் நெருங்கி, சூடாக இருந்ததைச் சொன்னாள். "இதுக்கு எல்லாத்தையும்விட முக்கியமான ஆதாரம் என்னன்னா" என்று தாளைத் திருப்பினாள்.

மணிராஜ் மணியை அடித்தார். எட்டாவது நிமிடத்தில் அடிக்க வேண்டிய மணி, அப்போது ஆறுதான் ஆகியிருந்தது. தோற்கப்போகிற பக்கத்துக்கு எதற்கு அதிக நேரம் என்று அவருக்கு. ஜெமிமா ஒழுக்கமான பிள்ளை. "நன்றி, வணக்கம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தாளின் மறுபக்கத்தில் என்ன இருந்தது என்பது மேடையில் அவளைத் தவிர, புத்தகத்தின் பின்பாதியைப் படித்த இசக்கிமுருகன் ஒருவருக்குத்தான் தெரியும்.

கடைசியாக அவர் பேசினார். அன்றுபோல அவர் என்றுமே பேசியதில்லை. "பிரபஞ்சத்துக்குப் பொறந்த தேதி சொல்லுதாங்க டீச்சர். நான் கேக்கேன், தாமிரபரணிக்குப் பொறந்த தேதி என்ன? சர்ட்டிபிகேட் எந்தப் பஞ்சாயத்து ஆபீஸ்ல வாங்கினீங்க?" பந்தல் குலுங்கியது. "நேத்து ஓடுன தண்ணி இன்னைக்கு இல்ல, கடலுக்குப் போயிட்டு. ஆனா ஆறு இருக்கு. தண்ணி புதுசு, ஆறு பழசு. பிரபஞ்சமும் அப்படித்தான். பழைய பொருள் வெலகிப் போவும், புதுப் பொருள் வந்துகிட்டே இருக்கும்!" கைத்தட்டல் ஓயவில்லை. உப்புக் கதையையும் ஒரு தடவை சொல்லி வைத்தார். இதுதான் கடைசித் தடவை என்று மனதுக்குள் நித்யாவுக்குச் சொல்லிக்கொண்டார்.

மணிராஜ் எழுந்து, சான்றோர் பெருமக்களை விளித்து, கால் மணி நேரம் சுற்றி வளைத்து, "ஆகவே இந்தப் பிரபஞ்சம் என்றென்றும் இப்படியே இருப்பதுதான் என்று தீர்ப்பளிக்கிறேன்!" என்றார்.

நூற்று நாற்பத்து நான்காவது மேடையில் இசக்கிமுருகன் ஜெயித்துவிட்டார். உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஜெமிமாவும் அவரைப் பார்த்துக் கைதட்டினாள், அதுதான் மேடை மரியாதை. அவர் கும்பிட்டபடி பந்தலைப் பார்த்தார். அறுநூறு பிள்ளைகளும் குனிந்து தீர்ப்பை எழுதிக்கொண்டிருந்தார்கள். சில பெண் பிள்ளைகள் அடிக்கோலை வைத்து அடிக்கோடு போட்டார்கள்.

உப்புக் கதையும் இப்படித்தானே ஊருக்குள் போனது என்று அவருக்குத் தோன்றியது. கைத்தட்டலுக்காகச் சொன்ன பொய், இத்தனை வருடமாகக் கடைக்குக் கடை நித்யாவின் முன்னால் வந்து நிற்கிறது. மணிராஜ் அடுத்த நடுவரின் பெயரை அறிவிக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். இசக்கிமுருகன் எட்டி மைக்கைப் பிடித்தார்.

"பிள்ளைகளா, எழுதினத அடிச்சிருங்க. தீர்ப்பு தப்பு. டீச்சர் சொல்ல வந்தத மணி அடிச்சு நிறுத்திட்டோம். அத நான் சொல்லுதேன்."

தீர்ப்புக்குப் பிறகு மைக்கைத் தொடுகிற உரிமை நன்றியுரை சொல்கிறவருக்கு மட்டுந்தான்.

"நான் லேத்துல வேல பாக்கேன். ஒரு கம்பியக் கடைஞ்சு எறக்கி வச்சா, அரைமணி கழிச்சுத் தொட்டாலும் வெதுவெதுப்பு இருக்கும். இத யாரும் கடையல, எப்பவும் இப்படியே கெடந்துச்சுன்னு சொன்னா எவன் நம்புவான்? வானத்துலயும் அந்த மாதிரி சூட்டோட மிச்சம் இருக்கு. எந்தத் தெசையில பாத்தாலும் ஒரே அளவு. பழைய டி.வி.ல ஆன்டெனா வயரப் பிடுங்கினா புள்ளி புள்ளியா எரையுமே, அதுல நூத்துல ஒரு பங்கு அதுதான். எப்பவும் ஒண்ணுபோல இருந்ததுக்கு அந்தச் சூடு எங்கன இருந்து வந்துச்சு? எங்க கட்சியில பதில் இல்ல."

மணிராஜ் நாற்பது வருட அனுபவசாலி. துண்டுச்சீட்டை எடுத்தார். "ஆக, வெடிப்பதும் உண்டு, சுருங்குவதும் உண்டு, மறுபடி வெடிப்பதும் உண்டு. எனவே இரண்டு அணியும்..."

"ஐயா, அதுக்கும் இன்னும் ஆதாரம் வரலைங்கய்யா" என்றார் இசக்கிமுருகன், மிகுந்த பணிவோடு.

மணிராஜ் ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்து, "தேசிய கீதம்" என்றார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். தேசிய கீதத்துக்குப் பிறகு பேச எந்தக் கொள்கைக்கும் அனுமதியில்லை.

படி இறங்கும்போது ஜெமிமா வந்தாள். "சார், நான் எழுதுனதவிட லேத் நல்லாருக்கு. பன்னெண்டாம் வகுப்புல சொல்லிக்கிடவா?" என்று கேட்டாள். "சொல்லும்மா" என்றார்.

திரும்பும்போது, வேன் மூன்றடைப்பு ஊரை நெருங்கியதும் மணிராஜ் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "நானூறு தீர்ப்பு சொல்லிருக்கேன்வே. எவனும் எதுத்துப் பேசுனதில்ல. அதுவும் செயிச்சவன் எதுத்து நான் பாக்கவே இல்ல."

"மன்னிச்சிருங்கய்யா."

"ஒம்ம மேல கோவம் இல்ல. ஆனா நாற்காலி ஒமக்கு ஒத்து வராது. நீரு உண்மை பொய் பாக்கீரு." பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "சங்கிலிபூதத்தான், அடுத்த மாசம் நீரு உக்காரும்" என்றார். சங்கிலிபூதத்தான் உடனே வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். நல்ல செய்தியை யார்தான் அடக்கி வைப்பார்கள்.

இசக்கிமுருகன் பேட்டைக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. வீட்டுக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது, சேதி அவருக்கு முன்னால் வந்திருக்கிறது. நித்யா ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சங்கிலி அண்ணாச்சி வீட்ல போன் பண்ணாவ. செயிச்ச பொறவு நீங்களே தோக்கடிச்சிட்டீங்களாம்."

"ஆமா." பக்கத்தில் உட்கார்ந்தார். "இனி யாரும் நம்மளக் கூப்பிட மாட்டாவ. மேடை முடிஞ்சுபோச்சு. உப்பும் முடிஞ்சுபோச்சு. ஒனக்குச் சந்தோசந்தான?"

அவள் சந்தோஷப்படுவாள் என்று நாங்குநேரியிலிருந்து நினைத்துக்கொண்டே வந்திருந்தார். அவள் அழுதாள். கீரையை மடியில் போட்டுக்கொண்டு, சத்தம் இல்லாமல், நன்றாகவே அழுதாள்.

"நான் ஒங்கள அந்த நாற்காலியில பாக்கணும்னுல்லா இருந்தேன்" என்றாள். "ஒரு நாளாவது வந்து முன்னால உக்காந்து கேக்கணும்னு."

அந்த நாற்காலி அவருக்கும் எவ்வளவு வேண்டியிருந்தது என்பது, அது போன பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்படி என்னத்தச் சொன்னீங்க? எனக்குச் சொல்லுங்க."

சொன்னார். லேத்தில் கடைந்த கம்பி, வானத்தில் மிச்சம் இருக்கிற சூடு, டி.வி.யில் இரைகிற புள்ளி, எல்லாவற்றையும் சொன்னார். சிரிப்புக்கு எங்கேயும் நிறுத்தவில்லை.

"இது நெசமா?"

"நெசம்."

"இதச் சொல்லித்தான் நாற்காலி போச்சா?"

"ஆமா."

"அப்ப சரி" என்றாள் நித்யா.