எல்லைக்கல்லில் சுண்ணாம்பு

எழுபதுகளில் ஆராய்ச்சி மாணவியாகக் கம்பத்தில் தங்கியிருந்தேன். எல்லை தாண்டிப் பிழைக்கப் போகிறவர்களைப் பற்றிய ஆய்வு. திங்கட்கிழமை விடியலில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்களோடு நானும் மலையேறுவேன். மஞ்சு, அந்த மலைப் பனிமூட்டம், இறங்கிவிட்டால் முன்னால் போகிறவளின் தூக்குச்சட்டிச் சத்தம்தான் வழி. எங்கே தமிழ்நாடு முடிந்தது, எங்கே கேரளா தொடங்கியது என்று சத்தியமாகத் தெரியாது. தூக்கத்தில் நடப்பது மாதிரி இருக்கும். அந்த நடைக்காகவே ஆய்வை இழுத்தடித்தேன் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

உச்சியில் எல்லைக்கல் இருந்தது. அங்கே மூட்டையை இறக்கி வெற்றிலை போடுவார்கள். விரலில் மிச்சமிருக்கும் சுண்ணாம்பைக் கல்லில் தடவிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள், சனிக்கிழமை நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று. அரசாங்கக் கல் வெள்ளைவெள்ளையாக நிற்கும்.

சுருளிப்பட்டி அக்கா ஒருத்தியிடம் நிரந்தர வசிப்பிடம் எது என்று கேட்டேன். என் படிவத்தில் அப்படி ஒரு கட்டம்.

"ஆறு நாள் மேல, தோட்டத்து லயத்துல. ஒரு நாள் கீழ, பிள்ளைகளோட. நீங்களே பாத்து எழுதுங்க டீச்சரம்மா."

ஆறு பெரிதா, ஒன்று பெரிதா? கேரளா என்று எழுதினேன். படித்த திமிர், வேறென்ன. அத்தோடு விடாமல், வீடு வீடாகக் கூட்டிப்போய்க் காட்டிய கர்ணத்துக்கு, ஊர்க் கணக்கு எழுதுகிறவருக்கு, நன்றியாக யார் எங்கே வசிக்கிறார்கள் என்ற என் பட்டியலில் ஒரு பிரதியும் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து, அதே கல்லருகே அக்கா முந்தானையிலிருந்து ரேசன் கார்டை எடுத்துக் காட்டினாள். அவள் பெயர் மேல் சிவப்பு மைக் கோடு. என் பட்டியலைப் பார்த்து அடித்திருந்தார்கள்.

"செத்தவுக பேரத்தான் இப்பிடி அடிப்பாக," என்றாள். "நான் உசுரோட நிக்கேன்ல, டீச்சரம்மா?"

கோபமே இல்லாமல்தான் கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு அவள் விரலைக் கல்லில் தடவவில்லை, சேலையில் துடைத்துக்கொண்டு மஞ்சுக்குள் போய்விட்டாள்.

நான் அங்கிருந்தே திரும்பி இறங்கிக் கர்ணத்தின் வீட்டுக்கு ஓடினேன்.

"நீங்க எழுதுனதுதானம்மா," என்றார். "திரும்பச் சேக்கணும்னா மனுக் குடுங்க."

மனுவை நானே எழுதினேன். நிரந்தர வசிப்பிடம்: சுருளிப்பட்டி. கீழே சாட்சிக் கையெழுத்துக்கு என் நிரந்தர விலாசமும் வேண்டும் என்றார். யோசிக்கவே இல்லை, மதுரையில் அப்பா வீட்டை எழுதிக் கொடுத்தேன். அந்த வீட்டில் நான் ஒரு ராத்திரி படுத்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது.